கிள்ளிய பருவின்மேல் ஹைட்ரோகொலாய்டு ஒட்டி

கன்னத்தில் ஒரு பருவைக் கிள்ளிவிட்ட அன்றிரவு, புண்ணை மெல்லக் கழுவி, ஈரம் போக ஒற்றியெடுத்து, புண்ணின் கசிவை உறிஞ்சி ஜெல்லாக மாறும் பொருள் கொண்ட சிறிய ஒட்டுப்பட்டையான இந்த ஹைட்ரோகொலாய்டு ஒட்டியை அதன்மேல் ஒட்டினேன். காலையில் அதன் நடுப்பகுதி வெள்ளையாக உப்பியிருந்தது. புண்ணில் கசிந்த நீரை அது உறிஞ்சிக்கொண்டதன் அடையாளம் அது. புண் காய்ந்து பொருக்குத் தட்டாமல் ஈரப்பதத்தோடு ஆறுவதும், விரல் மீண்டும் அங்கே போகாமல் தடுக்கப்படுவதும்தான் இதன் பெரும்பயன் என்பேன். ஆனால், ஆழத்தில் வலியோடு இருக்கும் கட்டிப் பருவுக்கு இது எனக்கு உதவவில்லை. ஏற்கெனவே படிந்த கருமையையும் போக்கவில்லை. தோல் மூடிய பிறகு எஸ்.பி.எஃப் (வெயிலிலிருந்து காக்கும் திறனின் அளவு) 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனைத் தினமும் பூசாவிட்டால், வெயில் பட்டு அந்தத் தடம் மேலும் கறுத்துப் பல மாதங்கள் நிற்கக்கூடும் என்பதைத் தயவுசெய்து மறந்துவிடாதீர்கள். ஓரம் கிளம்பாமலிருக்க, முகத்தில் கிரீம் பூசுவதற்கு முன்பே ஒட்டிவிட வேண்டும்.