ஃபுட்-லாம்பர்ட் மட்டுமே தெரிந்த மீட்டரோடு ஆறு வருஷம்

சிங்கப்பூர் பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்குப் பழைய கேமரா பார்க்கப் போனவன், கேமராவை விட்டுவிட்டு ஒரு லூமினன்ஸ் மீட்டரை வாங்கிக்கொண்டு வந்தேன். 180 வெள்ளி. புரொஜெக்டரும் எல்இடி சுவருமாகப் பிழைப்பு நடத்துகிற எனக்கு அது லாட்டரி மாதிரி. புதிது வாங்கப் போனால் ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். கண்ணை வைத்துப் பார்த்தால் நடுவில் 1 டிகிரி வட்டம் தெரியும். அந்த வட்டம் திரையில் எங்கே விழுகிறதோ அந்த இடத்தின் ஒளிர்வை எண்ணாகச் சொல்லும். என்ன, அமெரிக்காவில் விற்கச் செய்த மாடல். ஃபுட்-லாம்பர்ட் என்ற பழைய ஒளிர்வு அலகு தவிர வேறு பாஷை அதற்குத் தெரியாது.

இன்றைக்குப் போன் வாங்குகிறவர்கூட நிட் எவ்வளவு என்றுதான் கேட்கிறார். சதுர மீட்டருக்கு ஒரு கேண்டலா (ஒளிச்செறிவின் அலகு) என்பது ஒரு நிட். ஒரு ஃபுட்-லாம்பர்ட் 3.426 நிட். பெருக்கினால் போச்சு, இதற்கென்ன பெரிய படிப்பு என்று இருந்தேன்.

முதல் வருஷத் தீபாவளிக்கு ஒரு சின்ன அரங்கத்தில் தனியார் காட்சி. டிஜிட்டல் சினிமாவுக்குத் திரையின் நடுவில் 14 ஃபுட்-லாம்பர்ட் வர வேண்டும் என்பது தரம். பார்த்து அன்றைக்கே என் மீட்டரில் பேட்டரி காலி. அரங்கத்தின் மீட்டரை வாங்கினேன், அது நிட்டில் காட்டுகிற புது ரகம். போன் ஆப்பில் 14 என்று போட்டு மாற்றினேன், 150.7 வந்தது. திரையிலோ 47தான். மூன்றில் ஒரு பங்குகூட இல்லையே! விளக்கு தேய்ந்துவிட்டது என்றோம், கண்ணாடியைத் துடைத்தோம், கரண்ட்டை ஏற்றினோம். ஒரு மணி நேரம் வியர்த்ததுதான் மிச்சம்.

ஃபிலிம் காலத்தில் புரொஜெக்டர் ஓட்டிய பெரியவர் ஒருவர் பின்வரிசையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். “தம்பி, 150 சரியான நம்பர்தான். ஆனா அது லக்ஸ். திரை மேல விழற வெளிச்சம். நீ பாக்கறது திரையிலிருந்து கண்ணுக்கு வர்றது” என்றார்.

ஆப்பைத் திறந்து பார்த்தேன். ‘சதுர அடிக்குக் கேண்டலா’, ‘ஃபுட்-லாம்பர்ட்’ இரண்டும் அடுத்தடுத்த வரி. என் கட்டைவிரல் மேலே இருந்ததைத் தொட்டிருக்கிறது. அதற்குப் பெருக்கும் எண் 10.764. இரண்டுக்கும் நடுவில் இருப்பது பை, 3.1416. சரியாக மாற்றினால் 14 ஃபுட்-லாம்பர்ட் 48 நிட். 47 காட்டிய திரையில் ஒரு குறையும் இல்லை.

பை எங்கிருந்து வந்தது என்று பெரியவரே விளக்கினார். மேட் வெள்ளைத் திரை வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். அதனால் விழுகிற லக்ஸைப் பையால் வகுத்தால்தான் நிட் கிடைக்கும். லாம்பர்ட் வகை அலகுகள் அந்தப் பையை முன்னாலேயே விழுங்கிவிட்டன. நல்ல வெள்ளைத் திரையில் 14 ஃபுட்-கேண்டில் (லக்ஸ் மாதிரியே, ஆனால் சதுர அடிக் கணக்கு) விழுந்தால் 14 ஃபுட்-லாம்பர்ட் திரும்பி வரும். எண் மாறாது, கணக்கும் வேண்டாம். சினிமாக்காரர்கள் இதை விடாமல் பிடித்திருந்ததில் ஆச்சரியமே இல்லை. யோஹான் ஹைன்ரிக் லாம்பர்ட் 18ஆம் நூற்றாண்டுக்காரர். தன் பேரில் இவ்வளவு குழப்பம் நடக்கும் என்று கண்டாரா என்ன.

அப்புறம் பழைய அலகு எதைப் பார்த்தாலும் ‘உள்ளே பை இருக்கா?’ என்று கேட்பதே பழக்கமாகிவிட்டது. ஸ்டில்ப்பில் கிடையாது; சுத்தமாக 10,000 நிட். அப்போஸ்டில்ப் என்ற பெயரைக் கேட்டால் ஸ்டில்ப்பின் பிள்ளை போல இருக்கும், ஆனால் அதில் பை உண்டு: 0.318 நிட்தான். யார் வைத்த பெயரோ, எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த அப்போஸ்டில்ப்பை நேரில் பார்த்தது எதிர்பாராத இடத்தில். போன வருஷம் அத்தையைக் கண் அழுத்தத்துக்காகப் பார்வைப்புலச் சோதனைக்குக் கூட்டிப்போனேன். அச்சிட்ட தாளின் மேல் பக்கம் பின்னணி 31.5 அப்போஸ்டில்ப் என்று இருந்தது. பையால் வகுத்தேன், 10 நிட். இதென்ன இப்படி அரைகுறை எண் என்று தோன்றியது ஒரே நொடியில் முழு எண்ணாகிவிட்டது. பக்கத்தில் அத்தை, “கண்ணு எப்படியிருக்குன்னு பாருடான்னா என்னத்தடா கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கே?” என்றார்.

மீட்டரைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். உழைப்பில் குறையில்லை. இந்த ஊர் ஈரத்துக்கு இரண்டாம் வருஷம் லென்ஸ் ஓரத்தில் பூஞ்சை வந்தது. சுத்தம் செய்ய 60 வெள்ளி ஆனது, அன்று முதல் டிரை பாக்ஸில்தான் வாசம். இருட்டுக் காட்சியில் கடைசி இலக்கம் நிலையில்லாமல் ஆடும். ஆப்பை அழித்துவிட்டேன். மீட்டரின் வயிற்றில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி இரண்டே வரி எழுதியிருக்கிறேன்: ‘நிட் வேண்டுமா, 3.43ஆல் பெருக்கு. லக்ஸ் வேண்டுமா, 10.76’. இரண்டாவது வரி மேட் திரைக்கு மட்டும். பளபளக்கும் ‘சில்வர் ஸ்கிரீன்’ ரகத் திரையில் பலிக்காது.

முறையாகக் கேலிப்ரேஷன் செய்யக் கேட்ட தொகை நான் மீட்டர் வாங்கிய விலையைவிட அதிகம். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நண்பரின் புது மீட்டரோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். கடைசியாகப் பார்த்தபோது என்னுடையது 4 சதவீதம் குறைவாகக் காட்டியது. ஸ்டிக்கரில் 3.43ஐ அடித்து 3.57 என்று எழுதியிருக்கிறேன்.