ஆன்டிபயாடிக் எடுக்கும் நாட்களில் பிகோசூல்ஸா, பிகோசூல்ஸ் இசட்டா?

ஆன்டிபயாடிக் சீட்டோடு மருந்துக்கடைக்குப் போனால் பலரும் கூடவே கேட்டு வாங்குவது ஒரு சத்து மாத்திரை. பெரும்பாலும் கைக்கு வருவது பிகோசூல்ஸ் அல்லது பிகோசூல்ஸ் இசட். "இரண்டும் ஒன்றுதான்" என்று நினைத்துவிடாதீர்கள். அந்த இசட் என்பது ஜிங்க், அதாவது துத்தநாகம். சில ஆன்டிபயாடிக்குகளோடு சேர்ந்தால் வினையே அதுதான்.

சாதாரண பிகோசூல்ஸில் இருப்பவை பி வைட்டமின்களும் வைட்டமின் சி-யும். வழக்கமான ஆன்டிபயாடிக்குகளை இவை பெரும்பாலும் தடுப்பதில்லை. கால்சியமும் சில ஆன்டிபயாடிக்குகளைத் தடுக்கும் என்றாலும், அட்டையில் 'கால்சியம் பேன்டோதினேட் 50 மி.கி.' (பி5 வைட்டமின்) என்று பார்த்துப் பயப்பட வேண்டாம். அதில் உள்ள கால்சியம் 4 மி.கி.தான், ஒரு டம்ளர் பாலில் இருநூறைத் தாண்டும். சிறுநீர் மஞ்சளாகப் போவது ரைபோஃப்ளேவின் என்ற பி2 வைட்டமினால், கெடுதல் இல்லை.

பிகோசூல்ஸ் இசட்டில் ஜிங்க் சல்பேட் 41.4 மி.கி., அதாவது சுமார் 15 மி.கி. ஜிங்க். சிப்ரோஃப்ளாக்சசினோ டாக்ஸிசைக்ளினோ இதோடு ஒன்றாக வயிற்றுக்குள் போனால், மருந்து அந்த உலோகத்தைப் பிடித்துக்கொண்டு கரையாத கூட்டாகிவிடும். குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. மாத்திரை தவறாமல் போட்டும் காய்ச்சல் இறங்காமல், "மருந்து கேட்கவில்லை" என்று அடுத்த ஆன்டிபயாடிக்குக்குத் தாவ நேரலாம். இரும்பு, கால்சியம், மெக்னீசியம், ஜெலுசில் போன்ற ஆன்டாசிட் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

சிப்ரோவுக்குக் கணக்கு இது: ஜிங்க் போடுவதற்கு 2 மணி நேரம் முன்பே சிப்ரோ போயிருக்க வேண்டும், ஜிங்க் போட்டுவிட்டால் அடுத்த சிப்ரோவுக்கு 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும். காலை 8, இரவு 8 சிப்ரோ என்றால், ஜிங்குக்குக் கிடைப்பது காலை 10 முதல் மதியம் 2 வரை. மதியச் சாப்பாட்டோடு போட்டால் சரி. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டையும் ஒரே கையில் வைத்து விழுங்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு. சிப்ரோவின் வகையைச் சேர்ந்த லெவோஃப்ளாக்சசினுக்கு முன்னும் பின்னும் 2 மணி நேரம் போதும்.

டாக்ஸிசைக்ளினை ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள். உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகிவிடும். வைட்டமின் ஏ அதிகமுள்ள மாத்திரை இதோடு கூடவே கூடாது; மூளையைச் சுற்றி அழுத்தம் ஏறலாம்.

அமாக்சிசிலின், செஃபிக்சிம், அசித்ரோமைசின் என்றால் இசட்டும் பரவாயில்லை.

எங்கள் கருத்து: நன்றாகச் சாப்பிடுகிறவருக்கு ஐந்து நாள் ஆன்டிபயாடிக்குக்கு இரண்டுமே தேவையில்லை. வயிற்றுப்போக்கையும் இவை தடுக்காது. வேண்டுமென்றால் சாதாரண பிகோசூல்ஸ். இசட்டை கோர்ஸ் முடிந்தபின் தொடங்கலாம். ஆனால் மருத்துவரே எழுதிக்கொடுத்ததை நீங்களாக நிறுத்தாதீர்கள். காசநோய்க்கு ஐசோனியசிட் எடுப்பவருக்கு பி6, நரம்பைக் காக்கத்தான் தரப்படுகிறது. வயிற்றுப்போக்குள்ள குழந்தைக்குத் தரும் 14 நாள் ஜிங்க்கையும் நிறுத்தக் கூடாது. சிப்ரோவும் இருந்தால் நேரத்தை மட்டும் பிரியுங்கள்.

கடையில் நாலு மாத்திரை வெட்டிக் கொடுத்தால், பெயரும் சேர்மானமும் உள்ள பக்கமாக வெட்டித்தரச் சொல்லுங்கள். வெறும் அட்டையில் இசட் இருக்கிறதா என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது.