பசாரா, ஹைப்பர்மார்க்கெட்டா, தாமான் மளிகைக்கடையா? கேஎல் வீட்டுச் செலவுக்கு எது கட்டுப்படியாகும்

கேஎல்ல, அதாவது கோலாலம்பூர்ல, அஞ்சு பேர் இருக்குற வீட்டுக்கு சாமான் வாங்க மூணு வழி இருக்கு. பெரிய ஹைப்பர்மார்க்கெட், மீனு காய்கறி விக்கிற காலை பசார் (சந்தை), அப்புறம் நம்ம தாமான்லயே (குடியிருப்புலயே) இருக்குற மளிகைக்கடை. எது மலிவுன்னு கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க, ஆனா எந்த சாமான எங்க வாங்குறோம், என்ன சமைக்கப்போறோம்னு கடைக்கு போறதுக்கு முன்னாடியே முடிவு பண்றோமா போன பிறகு பண்றோமா, இந்த ரெண்டுலதான் காசு மிஞ்சுறதும் கரையிறதும் இருக்கு.

முதல்ல உள்ளூர் அரிசி, பாக்கெட் எண்ணெய், சீனி. இதுக்கு கடை கடையா அலையுறதுல லாபமே இல்ல, ஏன்னா அரசாங்கம் விலைய கட்டி வச்சிருக்கு. ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய் 2.50 வெள்ளி (ரிங்கிட்), சாதா சீனி கிலோ 2.85, உள்ளூர் வெள்ளை அரிசி 10 கிலோ பை 26 வெள்ளி. பாட்டில் எண்ணெய்க்கு அரசாங்க மானியம் கிடையாது, பாக்கெட்டுக்குத்தான். அதனால இங்க விலைய விட சரக்கு இருக்கா இல்லையாங்கறதுதான் கேள்வி. 2023 செப்டம்பர்ல அரிசி இறக்குமதி பண்ற பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி அரிசிய டன்னுக்கு 2,350 வெள்ளியிலேர்ந்து 3,200க்கு ஏத்துனப்ப எல்லாரும் உள்ளூர் அரிசி பக்கம் திரும்பி, கடைங்கள்ல அந்த ராக்கு காலியா கெடந்தது ஞாபகம் இருக்கும். எந்த கடையில இருக்கோ அங்க எடுத்துக்குங்க, அவ்வளவுதான்.

ஹைப்பர்மார்க்கெட்டுக்கு மாசம் ஒரு தடவை போனா போதும்ங்கறது என் கருத்து. சலவைத்தூள், மைலோ, பால்மாவு, சார்டின் டின், பிஸ்கட் இதெல்லாம் அங்கதான் வாங்கணும், சம்பள நேரத்துல போடுற ஆஃபர்ல மத்த எந்த கடையும் கிட்ட நிக்க முடியாது. ஆனா காய்கறி மீனு அங்க வேணாம். நாலு மிளகா தேவைன்னாலும் ஒரு பாக்கெட் எடுக்கணும், பாதி ஃபிரிட்ஜ்லயே அழுகும். ஏர்கோன்ல டிராலி தள்ளிக்கிட்டே போனா பட்டியல்ல இல்லாத சாமானும் தன்னால ஏறிடும், புள்ளைங்க கூட வந்தா சொல்லவே வேணாம்.

பசார் விஷயமே வேற. சௌக்கிட், புடு மாதிரி இடத்துல கெம்போங் (கானாங்கெளுத்தி) மீன கையில எடுத்து பாத்து வாங்கலாம், கண்ணு தெளிவா முட்டிக்கிட்டு இருக்கணும், செவுள் செவப்பா இருக்கணும், வயித்த அமுக்குனா உள்ள போகக்கூடாது. கோழிய முழுசா வாங்கி எப்படி வெட்டணும்னு சொன்னா வெட்டித் தருவாங்க: நெஞ்சும் தொடையும் பெரட்டலுக்கு, முதுகு கழுத்து எலும்பெல்லாம் தனியா கட்டச் சொல்லி மிளகு போட்டு சூப்பு. தட்டுல போட்டு பிளாஸ்டிக் சுத்துன கோழியில ஒரு வேளைதான் வரும், இதுல ரெண்டு வேளை ஓடும். கடை எடுக்குற நேரத்துல போனா கத்திரிக்கா, வெண்டிக்கா, காங்கோங் கீரை எல்லாம் கூறு கட்டி வச்சிருப்பாங்க, வாடல் இருந்தாலும் அன்னிக்கே சமைச்சா ஒண்ணும் ஆகாது.

ஆனா பசார் மலிவா இருக்கணும்னா ஒரு கண்டிஷன், என்ன சமைக்கலாம்னு பசார்தான் சொல்லணும். ஞாயித்துக்கிழமை தெங்கிரி (வஞ்சிரம்) குழம்புன்னு வீட்டுலயே எழுதி வச்சுட்டு போனா, நவம்பர்லேர்ந்து கிழக்குக்கரையில பருவமழை அடிச்சு மீன்பிடி படகுங்க கடலுக்கு போகாத நேரத்துல அந்த ஒரு மீனுக்கே வாரக்காசு போயிடும். அதுக்கு பதிலா புளிக்குழம்பு ஒண்ணு, பருப்பு ரெண்டு நாள், ஒரு பொரட்டல், ஒரு நாள் ரசம் தொவையல்னு மட்டும் எழுதுங்க. குழம்புல என்ன போடுறதுங்கறத பசார்ல நின்னு முடிவு பண்ணுங்க. மீனு வெல ஏறுனா நெத்திலி சம்பல், முட்டைக் குழம்பு, தெம்பே (புளிக்க வச்ச சோயா) வறுவல், இதுலயே ஒரு வாரம் நல்லா சாப்புடலாம்.

தாமான் மளிகைக்கடைய நாம ரொம்ப சாதாரணமா நெனைக்கிறோம். பருப்பு, உளுந்து, சீரகம், சோம்பு எல்லாம் எவ்வளவு வேணுமோ அவ்வளவு நிறுத்து வாங்கலாம், 100 கிராம் வெந்தயம் கேட்டா மூஞ்ச சுளிக்க மாட்டாங்க, வீட்டுலயே அரைக்கிற ஆளுக்கு இதுதான் கணக்கு. மைலோ, சோப்பு மட்டும் அங்க வேணாம், வெல கூட இருக்கும்.

கிளம்புறதுக்கு முன்னாடி பிரைஸ்கேட்சர் ஆப்ப ஒரு தடவை பாருங்க, உள்நாட்டு வாணிப அமைச்சோடது, கோழி, முட்டை, தக்காளி எந்த பசார்ல என்ன வெல, எந்த சூப்பர்மார்க்கெட்ல என்ன வெலன்னு பக்கத்து பக்கத்துல காட்டும்.

ரெண்டு பேரும் வேலைக்கு போற வீட்டுக்கு காலை பசார் சனி ஞாயிறுதான் முடியும், அது போதும், மீன கழுவி ஒரு வேளைக்கு ஒரு டப்பான்னு பிரிச்சு ஃபிரீசர்ல வச்சுக்கலாம். நடுவுல கீரை தக்காளி தீர்ந்துட்டா பசார் மாலம் (ராத்திரிச் சந்தை) இருக்கு, சாயங்காலம் வேலை விட்டு வர்ற வழியில வாங்கிக்கலாம், ஆனா வெயில்ல வெளிய கெடந்த மீன அங்க வாங்காதீங்க. திங்கக்கிழமை லீவு இருக்குன்னு காலை பசாருக்கு கிளம்பிடாதீங்க, அன்னிக்கு நெறைய மீன்கடை சாத்தித்தான் இருக்கும்.