பெஞ்ச் மில்லில் ஸ்லிட்டிங் சா: எந்த ஆர்பர், எந்த அளவு?

சீக் எக்ஸ்2 போன்ற சிறிய மில்லுக்கு (மேசை மேல் வைக்கும் மில்லிங் இயந்திரம்) ஸ்லிட்டிங் சா, அதாவது ஒடுக்கமான பிளவு வெட்டும் மெல்லிய வட்ட ரம்பம், வாங்குபவர்கள் பெரும்பாலும் சாவின் விட்டத்தையும் பல் எண்ணிக்கையையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதைப் பிடித்துச் சுழற்றும் தண்டான ஆர்பரை மலிவாகக் கிடைத்ததோடு முடித்துக்கொள்கிறார்கள். ஆர்பரைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

பல துளை அளவுகளுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும், விட்டம் படிப்படியாக மாறும் ஆர்பர்களில் பல அங்குல அளவில் கடையப்பட்டவை. அவற்றின் 5/8 அங்குலப் படி 15.875 மி.மீ.; 63 மி.மீ. மெட்ரிக் சாவின் துளையோ 16 மி.மீ. இடைவெளி 0.125 மி.மீ. என்பதால் சா ஒரு பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்தால், டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் முள் கருவி) அந்த அளவு ஆட்டத்தை, அதாவது சுழலும்போது சா மையம் விலகி ஆடுவதைக் காட்டும். 50 மி.மீ. சாவின் 13 மி.மீ. துளையை அரை அங்குலப் படியில் மாட்டினால் இடைவெளி 0.3 மி.மீ. ஆகிவிடும். ஒரே துளை அளவுக்கென்று கடைந்த ஆர்பரில் இந்தத் தொல்லை இல்லை: எச்7 எனும் துல்லிய வரம்பில் அமைந்த துளை அதிகபட்சம் 0.018 மி.மீ. பெரிதாகவும், எச்6 வரம்பில் அமைந்த தண்டு 0.011 மி.மீ. சிறிதாகவும் இருந்தால்கூட மொத்த இடைவெளி 0.029 மி.மீ.தான். லேத் வைத்திருப்பவர், மில்லின் கோலெட்டில் (தண்டைச் சுற்றி இறுக்கும் பிளவுக் குழல்) பிடிக்கும் பகுதியையும் சா உட்காரும் பகுதியையும் ஒரே பிடியில், வேலையைக் கழற்றாமல் கடைந்துகொள்வது எல்லாவற்றிலும் சிறந்தது.

ஆட்டம் இருக்கும்போது சில பற்கள் மட்டும் வெட்ட, ‘சிங்… சிங்…’ என்று சுற்றுக்கொரு முறை சத்தம் வரும். அதைக் கேட்டுப் பயந்து ஃபீடை (வேலைப்பொருளைச் சாவை நோக்கி நகர்த்தும் அளவை) குறைத்தால் நிலைமை மோசமாகும். எல்லாப் பற்களும் வெட்ட வேண்டுமானால், ஒரு சுற்றுக்கான ஃபீடு டயல் காட்டும் ஆட்டத்தைப் போல் மூன்று மடங்குக்குச் சற்று அதிகமாக இருக்க வேண்டும். மேற்சொன்ன 0.125 மி.மீ. ஆட்டத்துக்கு அது ஏறக்குறைய 0.4 மி.மீ.; 120 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 48 மி.மீ. கைச்சக்கரத்தில் அந்த வேகத்தைச் சீராகத் தருவது எளிதன்று. பொருத்தமான ஆர்பரில் நிமிடத்துக்கு 12 மி.மீ. போதும்.

சாவை நட்டு கொண்டு இறுக்கும் ஆர்பர் உறுதியானதுதான் என்றாலும், அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நட்டு, வேலைப்பொருளைப் பிடிக்கும் வைஸில் இடிக்கும். மூடியும் அதனுள் பதியும் திருகும் கொண்டதே தாழ்வான வெட்டுக்கு ஏற்றது. மெல்லிய சாவுக்கு, அதை ஆர்பரோடு பூட்டும் ‘கீ’ எனும் கட்டை தேவையில்லை: சிக்கிக்கொண்டால் அது உடைவதைவிட வழுக்குவதே மேல். வழக்கமான சுழற்சியில் அப்படி வழுக்கும் சா, அடியிலுள்ள வலத்திருகை இறுக்கவே செய்யும், தளர்த்தாது.

விட்டத்தில் 100 மி.மீ. ஆசைப்பட வேண்டாம். மைல்டு ஸ்டீலில் ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) சாவுக்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகம் என்று கொண்டால், 63 மி.மீ. சா ஏறத்தாழ 125 ஆர்பிஎம்மிலும் 100 மி.மீ. சா 80 ஆர்பிஎம்மிலும் சுழல வேண்டும். அவ்வளவு கீழே சிறிய டிசி மோட்டார் திணறும். 63 மி.மீ. சாவில் 32 மி.மீ. மூடி போக 15 மி.மீ. ஆழம் கிடைப்பது சிறு வேலைகளுக்குத் தாராளம்.

மெல்லிய தகடு, குழாய்களுக்கு ஜெர்மன் தர நிர்ணயமான டிஐஎன் 1837-இன் நெருக்கமான பல்லும், ஆழமான வெட்டுக்கு டிஐஎன் 1838-இன் அகலமான பல்லும் பொருந்தும். அலுமினியத்தில் நெருங்கிய பல்லிடையே சுருள் அடைத்துக்கொள்ளும் என்பதால் அகலமான பல்லும் தாராளமான மண்ணெண்ணெயும் அவசியம். தடிமனில் 1.6 மி.மீ. நேராகப் போகும், 0.5 மி.மீ. சா ஆழம் கூடக்கூட விலகும்.

கார்பைடு சா கூர்மை எளிதில் மங்காதுதான். ஆனால் ஆட்டமும் அதிர்வும் உள்ள இயந்திரத்தில் சட்டென்று சிதறும். சிறிய மில்லில், மிகச் சிறிய விட்டங்களைத் தவிர, அதற்கு இடமில்லை.