எந்த ஓஎஸ்னு கண்டுபிடிக்க இஃப்டெஃப் மட்டும் போதுமா? நாலு வழியையும் வச்சு ஒரு ஒப்பீடு

சி, சி++ல எழுதின ஒரே கோட் விண்டோஸ், லினக்ஸ், மேக்னு எல்லாத்துலயும் ஓடணும்னா முதல்ல கை போறது ப்ரீப்ராசசர் மேக்ரோ (கம்பைல் ஆகறதுக்கு முன்னாடியே கோடை வெட்டி ஒட்டற கட்டத்துல பாக்கற பேர்) பக்கம்தான். `_வின்32` இருந்தா இதை கம்பைல் பண்ணு, `__லினக்ஸ்__` இருந்தா அதை பண்ணுன்னு கோட்டுக்கு நடுவுலயே இஃப்டெஃப் (அந்த பேர் டிஃபைன் ஆகியிருக்கான்னு கேக்கற வரி) போடறது முதல் வழி. இந்த செக் எல்லாத்தையும் ஒரே ஹெடர்ல (மத்த ஃபைல்கள் இன்க்ளூட் பண்ணிக்கற பொது ஃபைல்) குவிச்சு சொந்தமா மேக்ரோ பேர் வச்சுக்கறது ரெண்டாவது. ஓஎஸ்சுக்கு ஒரு ஃபைல்னு பிரிச்சு, எதை கம்பைல் பண்றதுங்கறத பில்ட் சிஸ்டம்கிட்ட விட்டுடறது மூணாவது. ஓஎஸ் பேரையே கேக்காம "இந்த ஃபங்ஷன் இங்க இருக்கா"ன்னு பில்ட் பண்றப்ப டெஸ்ட் பண்ணி பாக்கறது நாலாவது.

இதுல எது நல்லதுன்னு பேச்சு வந்தா பெரும்பாலும் கோட் பாக்க அழகா இருக்கா, எழுத ஈஸியாங்கற பக்கமே போயிடுது. என்னை கேட்டா பாக்க வேண்டியது ஒண்ணுதான்: நாம தப்பு பண்ணா இது கத்துதா, இல்ல கம்முனு இருந்துடுதா?

ஏன் அப்படின்னா, சி ஸ்டாண்டர்ட்லயே ஒரு ரூல் இருக்கு. `#இஃப்` வரியில வர்ற பேர் எங்கயும் டிஃபைன் ஆகலன்னா அதோட மதிப்பு 0. எர்ரர் கிடையாது, வழக்கமா வார்னிங்கும் கிடையாது. `_வின்32`க்கு பதிலா கை தவறி `_வின்23`னு அடிச்சாலும் கம்பைலர் அந்த பிளாக்கை அப்படியே தூக்கிட்டு அடுத்த வரிக்கு போயிடும். ஜிசிசி, கிளாங்னு ரெண்டு கம்பைலர்லயும் அன்டெஃப் வார்னிங்னு ஒண்ணு இருக்கு, ஆல் வார்னிங் போட்டாலும் அது ஆன் ஆகாது, தனியா கேட்டு வாங்கணும். அதுவும் `#இஃப்`ல வர்ற தெரியாத பேரை மட்டும்தான் பிடிக்கும், `#இஃப்டெஃப்`ல ஒண்ணும் சொல்லாது, ஏன்னா அங்க கேக்கறதே "இருக்கா"ன்னுதான, "இல்ல"ங்கறதும் சரியான பதில்தான்.

முதல் வழிக்கு நியாயமா ஒரு பெரிய ப்ளஸ் உண்டு. எந்த டூலும் வேண்டாம், எந்த செட்டப்பும் வேண்டாம், க்ராஸ் கம்பைல் (ஒரு மெஷின்ல இருந்து வேற வகை மெஷினுக்கு கம்பைல்) பண்ணாலும் சரியா வரும், ஏன்னா டார்கெட் எதுன்னு கம்பைலருக்கு நல்லாவே தெரியும். சிக்கல் மேக்ரோ பேர்கள்லதான். `_வின்32`ங்கறது பேருக்குத்தான் 32, 64 பிட் விண்டோஸ்லயும் வரும், ஆர்ம்64லயும் வரும், 64 பிட் மட்டும் வேணும்னா `_வின்64`. அண்டர்ஸ்கோர் இல்லாத `வின்32`ஐ மைக்ரோசாஃப்ட் கம்பைலர் தானா டிஃபைன் பண்றதில்ல, அது ப்ராஜெக்ட் செட்டிங்ல இருந்தோ விண்டோஸ் ஹெடர்ல இருந்தோ வர்றது, அதனால ஒரு ஃபைல்ல வேலை செய்யற இஃப்டெஃப் இன்னொரு ஃபைல்ல வேலை செய்யாம போகலாம், ரெண்டுமே சுத்தமா கம்பைல் ஆகும்.

லினக்ஸ் பக்கமும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. ஜிசிசி டிஃபால்ட்டா ஓடற க்னூ மோட்ல அண்டர்ஸ்கோர் எதுவும் இல்லாத வெறும் `லினக்ஸ்`, `யூனிக்ஸ்` ரெண்டும் 1னு டிஃபைன் ஆகியிருக்கும். அதை நம்பி யாராவது இஃப்டெஃப் எழுதி வச்சிருப்பாங்க, கொஞ்ச நாள் கழிச்சு வேற ஒருத்தர் பில்ட் ஃப்ளாக்ல க்னூ11ஐ எடுத்துட்டு ஸ்ட்ரிக்ட் சி11 போடுவாரு, அந்த ரெண்டு மேக்ரோவும் காணாம போகும், லினக்ஸ் பிளாக் மொத்தமும் காலி. நம்ப வேண்டியது முன்னாடி ரெண்டு பின்னாடி ரெண்டு அண்டர்ஸ்கோர் போட்ட `__லினக்ஸ்__`ஐ மட்டும்தான். அதுவும் ஆண்ட்ராய்ட்ல வரும்ங்கறத மறக்கக்கூடாது, அதனால `__ஆண்ட்ராய்ட்__` செக் எப்பவும் மேல வரணும், லினக்ஸ் செக் கீழ.

ஆப்பிள் பக்கம் இன்னும் மோசம். மேக் ஓஎஸ் யூனிக்ஸ்னு சர்டிஃபிகேட் வாங்கின சிஸ்டம், ஆனா அங்க `__யூனிக்ஸ்__` டிஃபைன் ஆகாது. `__ஆப்பிள்__` வரும், ஆனா அது மேக்குக்கும் வரும் ஐபோனுக்கும் வரும். பிரிச்சு பாக்க டார்கெட் கண்டிஷனல்ஸ் ஹெடரை இன்க்ளூட் பண்ணணும், அதுல `டார்கெட்_ஓஎஸ்_ஐபோன்`, `டார்கெட்_ஓஎஸ்_ஓஎஸ்எக்ஸ்` மாதிரி மேக்ரோ எல்லாம் 0 இல்லன்னா 1னு எப்பவுமே டிஃபைன் ஆகியிருக்கும். இங்க `#இஃப்டெஃப்` போட்டீங்கன்னா மேக்லயும் ஐபோன் கோட்தான் கம்பைல் ஆகும், ஏன்னா மதிப்பு 0ஆ இருந்தாலும் பேர் டிஃபைன் ஆகியிருக்கே. `#இஃப்` போட்டு ஹெடரை இன்க்ளூட் பண்ண மறந்தா பழைய கிளாங்ல தலைகீழ், ஐபோன்லயும் 0. போதாக்குறைக்கு `டார்கெட்_ஓஎஸ்_மேக்`ங்கறது மேக்குக்கு மட்டும்னு நினைச்சுக்குவோம், அது ஐபோன்லயும் 1தான்.

கம்பைலர் மேக்ரோவ ஓஎஸ் மேக்ரோவா நினைக்கறதும் ரொம்ப சகஜம். `_எம்எஸ்சி_வெர்` இருந்தாத்தான் விண்டோஸ்னு எழுதினா மிங்டபிள்யூல (விண்டோஸுக்கான ஜிசிசி) பில்ட் பண்றவங்க வெளிய நிப்பாங்க. `__க்னூசி__` இருந்தா ஜிசிசினு எழுதினா கிளாங்கும் அதுல வந்து சேரும், அதுவும் அதே மேக்ரோவ டிஃபைன் பண்ணும். இந்த வழியில போறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான், கடைசி `#எல்ஸ்`ல லினக்ஸ் கோடை வைக்காதீங்க, `#எர்ரர்` வைங்க. நாளைக்கு ஃப்ரீபிஎஸ்டிலயோ எம்ஸ்கிரிப்டன்லயோ (ப்ரௌசர்ல ஓட்டறதுக்கான கம்பைலர்) யாராவது பில்ட் பண்ணா அங்கயே நின்னு சொல்லணும், தெரியாத ஓஎஸ்ஸை லினக்ஸ்னு நினைச்சுக்கிட்டு போகக்கூடாது.

ரெண்டாவது வழி, ஒரே ஹெடர். க்யூட்டிங்கற சி++ லைப்ரரில `க்யூ_ஓஎஸ்_வின்`, `க்யூ_ஓஎஸ்_டார்வின்`னு இருக்கறது இதுதான், பூஸ்ட்ங்கற சி++ தொகுப்புல ப்ரீடெஃப் லைப்ரரியும் இதே வேலைதான். ஆண்ட்ராய்ட் முதல்ல, லினக்ஸ் அப்புறம்ங்கற மாதிரி வரிசை சிக்கலை எல்லாம் ஒரே எடத்துல தீர்த்துட்டா மத்த ஃபைல்கள்ல யாரும் யோசிக்க வேண்டாம், அந்த அளவுக்கு முதல் வழிய விட ரொம்ப மேல். ஆனா கத்துதாங்கற கேள்விய கேட்டா சாதாரணமா எழுதின ஹெடர் தேறாது, அதை இன்க்ளூட் பண்ண மறந்தா பழைய கதைதான், எல்லாம் 0.

இதுக்கு க்ரோம் ப்ரௌசருக்கு அடிப்படையான க்ரோமியம் ப்ராஜெக்ட்ல பண்ணியிருக்கற வேலை எனக்கு ரொம்ப பிடிச்சது. முன்னாடி அங்கயும் `ஓஎஸ்_வின்`, `ஓஎஸ்_லினக்ஸ்`னு சாதாரண மேக்ரோதான் இருந்துச்சு, இப்ப `பில்ட்ஃப்ளாக்(இஸ்_வின்)`னு ஃபங்ஷன் மாதிரி கூப்பிடணும். அது உள்ள கொடுத்த பேரோட ஒரு நீளமான முன்னொட்டை ஒட்டி, கடைசியில `()` சேர்க்கும். அப்படி ஒட்டி வர்ற பேர்ல ஒரு மேக்ரோ இருந்தா அது 1 இல்லன்னா 0னு விரியும். பேரை தப்பா அடிச்சிருந்தா அப்படி ஒரு மேக்ரோவே இருக்காது, ரூல்படி அந்த பேர் 0 ஆகும், மிஞ்சறது `0()`. இது கணக்காவே வராதுங்கறதால ப்ரீப்ராசசர் அங்கயே எர்ரர் கொடுத்து நிக்கும். ஹெடரையே இன்க்ளூட் பண்ணலன்னா `பில்ட்ஃப்ளாக்`ங்கற பேரே தெரியாது, அப்பவும் எர்ரர். எந்த ரூல் நம்மள கவுத்துச்சோ அதே ரூலை வச்சே காவல் போட்டிருக்காங்க, இதை நம்ம சின்ன ப்ராஜெக்ட்லயும் நாலஞ்சு வரியில எழுதிடலாம், புதுசா ஆரம்பிக்கறவங்க கட்டாயம் எழுதுங்க.

மூணாவது, தனித்தனி ஃபைல். லிப்யூவி லைப்ரரில யூனிக்ஸ், வின்னு ரெண்டு ஃபோல்டர், எஸ்க்யூலைட் டேட்டாபேஸ்ல யூனிக்ஸுக்கு ஒரு சி ஃபைல் விண்டோஸுக்கு ஒரு சி ஃபைல், நடுவுல ரெண்டுக்கும் பொதுவா ஒரு இன்டர்ஃபேஸ். இதுல ஏதாவது ஒரு ஓஎஸ்சுக்கு ஃபங்ஷன் எழுத மறந்தா லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளை ஒண்ணா சேர்க்கற டூல்) நிறுத்திடும், கத்தற விஷயத்துல இதுக்கு நல்ல மார்க். படிக்கறவங்களுக்கும் நிம்மதி, விண்டோஸ் ஃபைலை திறந்தா விண்டோஸ் கோட் மட்டும்தான் இருக்கும். குறைன்னா, ரெண்டு ஃபைல்லயும் ஒரே லாஜிக் கொஞ்சம் கொஞ்சமா சேர ஆரம்பிச்சுடும், ஒண்ணுல பக் ஃபிக்ஸ் பண்ணி இன்னொண்ண விட்டுடுவாங்க. அதனால ஓஎஸ்ஸை நேரடியா தொடற வரிகள் மட்டும் அந்த ஃபைல்ல இருக்கணும்னு பிடிவாதமா இருக்கணும். அப்புறம், சத்தமில்லாத பொறி பில்ட் சிஸ்டத்துலயும் இருக்கு. சிமேக்ங்கற பில்ட் டூல்ல `யூனிக்ஸ்`ங்கற வேரியபிள் மேக்லயும் உண்மைதான், `லினக்ஸ்`ங்கறது 3.25லதான் வந்துச்சு, பழைய சிமேக்ல அதை இஃப்ல எழுதினா டிஃபைன் ஆகாத வேரியபிள்ங்கறதால பொய்னு எடுத்துக்கிட்டு போயிடும். கோ மொழியில ஃபைல் பேர் கடைசியில `_விண்டோஸ்`னு வச்சா அது விண்டோஸுக்கு மட்டும் கம்பைல் ஆகும், அதே பழக்கத்துல `_யூனிக்ஸ்`னு வச்சா எல்லா ஓஎஸ்லயும் கம்பைல் ஆகும், ஏன்னா யூனிக்ஸ்ங்கறது ஃபைலுக்குள்ள மேல எழுதற பில்ட் வரியில மட்டும்தான் செல்லும்.

நாலாவது வழிக்கு வருவோம், எனக்கு சொல்ல நிறைய இருக்கறது இங்கதான். ப்ரோக்ராம் க்ராஷ் ஆனா ஸ்டாக் ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதை கூப்பிட்டு அங்க வந்துச்சுங்கற பட்டியல்) அடிக்கணும்னு வச்சுக்குவோம். அதுக்கு `எக்ஸெக்இன்ஃபோ` ஹெடர்ல `பேக்ட்ரேஸ்`னு ஒரு ஃபங்ஷன், உபுண்டுல இருக்கு, மேக்லயும் இருக்கு. `__லினக்ஸ்__` இருந்தா இந்த ஹெடரை இன்க்ளூட் பண்ணுன்னு எழுதிட்டு நிம்மதியா இருப்போம். யாராவது அதை ஆல்பைன் லினக்ஸ் கன்டெய்னர்ல பில்ட் பண்ணுவாங்க, ஹெடர் இல்லன்னு நிக்கும். ஆல்பைனும் லினக்ஸ்தான், ஆனா அதுல சி லைப்ரரி (சி ப்ரோக்ராமுக்கு அடிப்படை ஃபங்ஷன்களை கொடுக்கறது) உபுண்டுல இருக்கற க்ளிப்சி இல்ல, மஸ்ல்ங்கற வேற ஒண்ணு. `பேக்ட்ரேஸ்` வந்தது க்ளிப்சில இருந்து, கெர்னல்ல இருந்து இல்ல. சரி, மஸ்லை கண்டுபிடிக்க ஒரு மேக்ரோ இருக்குமேன்னு தேடினா இருக்காது, வேணும்னே வைக்கல. எங்க பேரை வச்சு யூகிக்காதீங்க, உங்களுக்கு வேண்டியது இருக்கான்னு டெஸ்ட் பண்ணுங்கன்னுதான் அவங்க நிலைப்பாடு, அது நூத்துக்கு நூறு சரி.

இதோட மறுபக்கமும் உண்டு. ரேண்டம் நம்பர் கொடுக்கற `ஆர்க்4ரேண்டம்`ங்கற ஃபங்ஷன் பிஎஸ்டிலயும் மேக்லயும் ரொம்ப காலமா இருக்கு, லினக்ஸ்ல கிடையாதுன்னு எத்தனையோ ப்ராஜெக்ட்ல இஃப்டெஃப் போட்டு சொந்தமா ஒண்ணு எழுதி வச்சிருந்தாங்க. 2022ல க்ளிப்சி 2.36ல அது வந்துடுச்சு. அதே பேர்ல ஸ்டேட்டிக்கா சொந்த ஃபங்ஷன் வச்சிருந்தவங்களுக்கு இப்ப ஹெடரோட மோதும். ஓஎஸ் பேரை வச்சு எழுதற ஒவ்வொரு இஃப்டெஃப்பும் அன்னிக்கு இருந்த நிலைமையை பூட்டி வைக்குது, ஃபங்ஷனை டெஸ்ட் பண்றவங்களுக்கு இந்த பிரச்சனை இல்ல.

சி++17லயும் சி23லயும் `__ஹேஸ்_இன்க்ளூட்` இருக்கே, கோட்டுக்குள்ளயே கேட்டுக்கலாமேன்னா, பாதி தூரம் போகலாம். ஆல்பைன் பிரச்சனைய அது தீர்த்துடும். ஆனா ஆண்ட்ராய்ட் என்டிகேல (ஆண்ட்ராய்டுக்கு சி, சி++ல எழுதறதுக்கான கிட்) `எக்ஸெக்இன்ஃபோ` ஹெடர் இருக்கும், `பேக்ட்ரேஸ்` ஃபங்ஷனோ ஏபிஐ லெவல் (ஆண்ட்ராய்ட் வெர்ஷனுக்கான நம்பர்) 33ல இருந்துதான். மினிமம் 24னு வச்சு பில்ட் பண்ணா ஹெடர் இருக்குன்னு பதில் வரும், ஃபங்ஷன் கிடைக்காது. இங்க சிமேக்கோட சிம்பல் செக்கோ ஆட்டோகான்ஃப் டெஸ்டோதான் சரியான பதில் சொல்லும், ஏன்னா அது ஒரு குட்டி ப்ரோக்ராம் எழுதி கம்பைலும் லிங்க்கும் பண்ணியே பாத்துடும்.

அதுக்காக அதை கண்ணை மூடிக்கிட்டும் நம்பக்கூடாது. டெஸ்ட் ஃபெயில் ஆனா "இல்ல"ன்னு எடுத்துக்கும், எதனால ஃபெயில் ஆச்சுன்னு யோசிக்காது. வார்னிங்கை எர்ரராக்கற ஃப்ளாக் போட்டிருந்தா அந்த குட்டி ப்ரோக்ராம் ஒரு சின்ன வார்னிங்ல விழுந்து, இருக்கற ஃபங்ஷனை இல்லன்னு சொல்லிடும். எம்பெடட் போர்டுக்கு க்ராஸ் கம்பைல் பண்றப்ப லிங்க் ஆகலன்னு ட்ரை கம்பைலை (அந்த குட்டி ப்ரோக்ராம் டெஸ்டை) ஸ்டேட்டிக் லைப்ரரியா மாத்தி வைப்பாங்க, அப்ப லிங்க்கே நடக்காது, ஃபங்ஷன் செக் எதை கேட்டாலும் "இருக்கு"ன்னு சொல்லும். இதுவும் கம்முனு ஏமாத்தற வகைதான். சிமேக் 3.26ல இருந்து கான்ஃபிகர் லாக்னு ஒரு யாமல் ஃபைல் எழுதும், ஒவ்வொரு டெஸ்டும் ஏன் பாஸ், ஏன் ஃபெயில்னு அதுல இருக்கும், புது டார்கெட் சேர்த்தா முதல்ல அதை திறந்து படிங்க.

எனக்கு சரின்னு படற கலவை இதுதான்: விண்டோஸா பாசிக்ஸாங்கற (யூனிக்ஸ் வகை சிஸ்டங்களோட பொது ஸ்டாண்டர்ட்) பெரிய பிரிவுக்கு தனி ஃபைல், சி லைப்ரரில இருக்கா இல்லையாங்கற சந்தேகத்துக்கெல்லாம் பில்ட் செக், ரெண்டு மூணு வரி வித்தியாசத்துக்கு மட்டும் க்ரோமியம் பாணி ஹெடர். `_வின்32`, `__ஆப்பிள்__` மாதிரி பச்சை மேக்ரோ அந்த ஒரு ஹெடரை தாண்டி வேற எங்கயும் வரக்கூடாது, வந்தா ரிவ்யூலயே திருப்பி அனுப்பிடுங்க. ரஸ்ட்ல எழுதறவங்களுக்கு இந்த கவலை கம்மி, 1.80ல இருந்து `சிஎஃப்ஜி`ல (ரஸ்ட்ல இஃப்டெஃப் மாதிரி) தெரியாத பேர் வந்தா கம்பைலரே வார்னிங் கொடுக்குது.

இந்த நாலுமே பதில் சொல்லாத கேள்வி ஒண்ணு மிச்சம் இருக்கு, பில்ட் பண்ண மெஷின் வேற, ஓடப்போற மெஷின் வேறன்னா? த்ரெட்டுக்கு பேர் வைக்கற `செட்த்ரெட்டிஸ்கிரிப்ஷன்` விண்டோஸ் 10 1607ல வந்தது. புது எஸ்டிகேல (விண்டோஸ் ஹெடர், லைப்ரரி எல்லாம் வர்ற கிட்) எல்லா செக்கும் பாஸ் ஆகும், ஆனா நேரடியா கூப்பிட்டு லிங்க் பண்ணிட்டா விண்டோஸ் 7ல எக்ஸி ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. அங்க `கெட்ப்ராக்அட்ரஸ்` போட்டு ரன்டைம்ல தேடி, கிடைச்சா கூப்பிடணும், நல் வந்தா அந்த வேலைய விட்டுட்டு போகணும். மேக், ஐபோன் பக்கம் இதே வேலைக்கு கிளாங்லயே `__பில்ட்இன்_அவெய்லபிள்` இருக்கு, அங்க மினிமம் வெர்ஷனை விட புது ஃபங்ஷனை செக் இல்லாம கூப்பிட்டா கம்பைல் பண்றப்பவே வார்னிங் வரும், விண்டோஸ்ல அப்படி ஒரு வார்னிங்கை எதிர்பாக்காதீங்க, நீங்க சப்போர்ட் பண்றதுலயே ரொம்ப பழைய விண்டோஸ்ல எக்ஸிய ஓட்டி பாத்துட்டு ரிலீஸ் பண்ணுங்க.