அவசரப் பிரிவுக்கு மாற: வார்டிலிருந்தா, ஐசியூவிலிருந்தா?

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு மாற ஆசைப்படும் செவிலியர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "வார்டிலிருந்து நேரே போகலாமா, இல்லை முதலில் ஐசியூவில் இரண்டு வருஷம் இருந்துவிட்டுப் போகணுமா?" நான் வார்டில் ஆறு வருஷம் இருந்துவிட்டு நேரே போனவள். அதே மாதம் ஐசியூவிலிருந்து ஒரு தோழியும் வந்து சேர்ந்தாள். இரண்டு பேருமே தடுமாறினோம், ஆனால் வேறுவேறு இடங்களில்.

அவளுக்குக் கை பழகியிருந்தது. மூச்சுக்குழாய்க்குள் செயற்கைக் குழாய் போட மருத்துவருக்கு உதவுவது, வென்டிலேட்டர், இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்துகளைப் பம்பில் ஏற்றுவது எல்லாம் தினம் செய்த வேலை. இதயம் நின்றுபோன நோயாளி வந்தால், நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துவதும், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை 1 மில்லிகிராம் அட்ரினலின் கொடுப்பதும் பதற்றமில்லாமல் நடக்கும். அந்த நேரத்தில் நான் டிராலியில் மருந்தைத் தேடிக்கொண்டிருப்பேன்.

அவள் திணறியது வேறு விஷயத்தில். ஐசியூவில் ஒரு செவிலியருக்கு ஒன்றிரண்டு நோயாளிகள்தான். அவர்களும் வரும்போதே நோய்க்கு ஒரு பெயரோடும், கையில் டிரிப்போடும் வருவார்கள். இங்கே "தலை சுத்துது" என்ற ஒற்றைச் சொல்லோடு வருவார்கள். ஒருவருக்கு எல்லாவற்றையும் முழுதாகச் செய்து முடித்துவிட்டுத்தான் நகர வேண்டும் என்ற நல்ல பழக்கம் இங்கே அவளுக்குத் தடையாக இருந்தது. உயிருக்கு ஆபத்தானதை மட்டும் சரிசெய்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போக அவளுக்கு மூன்று மாதம் ஆயிற்று.

அங்கேதான் வார்டு எனக்குக் கைகொடுத்தது. பல பேரை ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்வது, யாரை முதலில் பார்ப்பது என்று நடந்துகொண்டே முடிவெடுப்பது, கோபப்படும் உறவினரிடம் பேசுவது, வீட்டுக்குப் போகிறவருக்கு மருந்தைப் புரியும்படி சொல்வது இவையெல்லாம் வார்டு சொல்லிக்கொடுத்தவை. இதை யாரும் திறமையாக எண்ணுவதில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. என்னுடைய குறை, மருத்துவர் சொல்லட்டும் என்று காத்திருந்தது. நெஞ்சுவலி என்று ஒருவர் வந்தால் 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து மருத்துவர் கையில் கொடுத்திருக்க வேண்டும். இதற்கென எழுதிவைத்த நடைமுறை இருக்கும் மருத்துவமனையில் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்காமல் செவிலியரே தொடங்க வேண்டிய வேலை அது.

ட்ரயாஜ், அதாவது வருகிறவர்களில் யாரை முதலில் பார்க்க வேண்டும் என்று வாசலிலேயே தரம் பிரிப்பது, இரண்டு பேருக்குமே புதிது. மான்செஸ்டர் என்ற ட்ரயாஜ் முறையில், நோயாளியை எவ்வளவு நேரத்துக்குள் பார்க்க வேண்டும் என்பதற்கு ஐந்து நிறங்கள்: சிவப்பு உடனே, ஆரஞ்சு 10 நிமிடம், மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240. நிறங்களை ஒரு நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் சத்தம் போட்டு அழுகிறவரைவிட, "அசதியா இருக்கும்மா" என்று வியர்வையோடு ஓரமாக உட்கார்ந்திருக்கும் சர்க்கரை நோயுள்ள பாட்டிக்கு மாரடைப்பு இருக்கலாம் என்று சந்தேகிக்க நாளாகும். முதல் சில மாதங்களிலேயே ட்ரயாஜில் உட்காரச் சொன்னால், தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

குழந்தைகள் பிரிவிலிருந்து வருகிறவர்களுக்கு எடைக்கேற்ற மருந்துக் கணக்கு பெரிய பலம். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வருகிறவர்கள் சுத்தமும் வேகமும் கொண்டுவருவார்கள். ஆனால் விழித்திருக்கும் நோயாளியிடம் துருவிக் கேட்டு விவரம் வாங்கப் பழக வேண்டும்.

மனசு விஷயத்தில் வார்டும் ஐசியூவும் ஒரே பக்கம். இரண்டிலும் நோயாளி என்ன ஆனார் என்று தெரியும். அவசரப் பிரிவில் தெரியாமலே போய்விடும். எனக்கு இன்னும் அது பழகவில்லை.

சரி, எது நல்லது? அவசரப் பிரிவுதான் ஆசை என்றால் ஐசியூ வழியாகச் சுற்றிப் போக வேண்டியதில்லை என்பேன். வார்டில் ஒன்றிரண்டு வருஷம் நன்றாக வேலை செய்திருந்தால் போதும். போவதற்கு முன் ஏசிஎல்எஸ் என்ற, இதயம் நின்றவரைக் காப்பாற்றும் மேல்நிலைப் பயிற்சியை முடியுங்கள். ஈசிஜியில் ஆபத்தான துடிப்புகளை அடையாளம் காணவும், இரத்தக்குழாயில் பெரிய கேனுலா (டிரிப் ஏற்றும் சிறு குழாய்) போடவும் பழகிக்கொள்ளுங்கள். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. நேர்காணலில், மூத்த செவிலியர் ஒருவர் எத்தனை வாரம் கூடவே இருப்பார் என்று கேளுங்கள். இரண்டு வாரம்தான், அப்புறம் தனியாக என்றால், வார்டிலிருந்து போகிறவர் அந்த இடத்தை ஏற்க வேண்டாம். வேறு இடம் கிடைக்கும்வரை ஐசியூவுக்குப் போய் வேலை பழகுவதே பாதுகாப்பு, உங்களுக்கும் நோயாளிக்கும்.