ஸ்கிரீன்ஷாட்டை டிக்கெட் என்று நம்பி பேஸ்பால் பார்க்கப் போன கதை

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள், முக்கியமாகச் சின்னக் குழந்தைகளை முதல் தடவையாக பேஸ்பால் ஆட்டத்துக்கு அழைத்துப்போக நினைப்பவர்கள், டிக்கெட்டுக்குப் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 200 டாலர் போனது.

மகளுக்கு ஐந்து வயது. பள்ளித் தோழி யாரோ போய்வந்ததிலிருந்து "பேஸ்பால், பேஸ்பால்" என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். மகனுக்கு இருபது மாதம். ஊரிலிருந்து அம்மாவும் வந்திருந்தார். சரி, எல்லோருமாகப் போகலாம் என்று ஒரு ஞாயிறு மதிய ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தோம். ஆட்டம் முடிந்ததும் குழந்தைகளை மைதானத்துக்குள் விட்டு, 'பேஸ்' எனப்படும் தளங்களைச் சுற்றி ஓட வைப்பார்கள் என்று போட்டிருந்தது. அணியின் செயலியில் நல்ல இடமெல்லாம் 70, 80 டாலர். அப்போதுதான் உள்ளூர் விற்பனைக் குழு ஒன்றில் அந்தப் பதிவு கண்ணில் பட்டது. மூன்றாம் தளத்துக்குப் பக்கத்தில் முன் வரிசை, ஒன்று 40 டாலர், "குழந்தைகளோடு போக அருமையான இடம், பந்து மடியிலேயே வந்து விழும்."

இந்தக் கடைசி வரியைப் படித்ததுமே நான் விழித்திருக்க வேண்டும். மட்டையின் ஓரத்தில் பட்டுத் திசை மாறி வரும் ஃபவுல் பந்து கல் மாதிரி இருக்கும். 2017 செப்டம்பரில் நியூயார்க் யாங்கீஸ் மைதானத்தில் மணிக்கு 105 மைல் வேகத்தில் வந்த பந்து ஒரு சின்னப் பெண் குழந்தையின் முகத்தைத் தாக்கியது. அதற்கு அப்புறம்தான், 2018 சீசன் தொடங்கும்போது, முதன்மை லீக்கின் 30 அணிகளின் மைதானங்களிலும் பார்வையாளர்களைக் காக்கும் வலை, வீரர்கள் உட்காரும் இடத்தின் கடைசிவரை நீண்டது. கைக்குழந்தையோடு வருகிறவனிடம் 'பந்து மடியில் விழும்' என்று ஆசை காட்டுகிறவன் எப்படிப்பட்ட ஆள் என்று இப்போது யோசிக்கிறேன். அன்று விலைதான் கண்ணை மறைத்தது.

"செயலியில் என் பெயருக்கு மாற்றிவிடுங்கள்" என்று விற்பவரிடம் கேட்கத்தான் செய்தேன். செயலியில் ஏதோ கோளாறு, ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறேன், வாசலில் அதைக் காட்டினால் போதும் என்றார். பணத்தை 'நண்பர்கள், குடும்பத்தினர்' என்ற வகையில் அனுப்பினால் கட்டணம் மிச்சம் என்றார். அதையும் செய்தேன். மகனுக்கும் தனி டிக்கெட் கட்டாயம் என்று ஐந்தாவதையும் என் தலையில் கட்டினார். மடியில் உட்காரும் அந்த வயதுக் குழந்தைக்குப் பெரும்பாலான மைதானங்களில் டிக்கெட்டே வேண்டாம். வரம்பு அணிக்கு அணி மாறும், அவர்கள் இணையதளத்திலேயே எழுதியிருப்பார்கள். நான் பார்க்கவில்லை.

அன்று ஒன்றேகால் மணி நேரம் ஓட்டி, 35 டாலர் கொடுத்து வண்டியை நிறுத்தி, தள்ளுவண்டியோடு வெயிலில் வரிசையில் நின்றோம். பாதுகாப்புச் சோதனையில் அம்மாவின் எலுமிச்சை சாதத்தைத் திறந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். எங்களைத்தான் விடவில்லை. அடுத்த வாசலில் டிக்கெட் சரிபார்த்த வயதான பெண்மணி என் போனைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். பக்கத்தில் நின்றவரின் போனைக் காட்டினார். அதில் பார்கோடின் மேல் ஒரு கோடு ஓடிக்கொண்டே இருந்தது. உண்மையான டிக்கெட்டில் பார்கோடு சில நொடிகளுக்கு ஒருமுறை மாறிவிடுமாம். படம் எடுத்தால் அது வெறும் படம்தான். "இன்று மட்டும் நீங்கள் எத்தனையாவது ஆள் தெரியுமா?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

மகள் கையில் புதுக் கையுறையோடு நின்றாள். "அப்பா, நம்ம டிக்கெட் செத்துப்போச்சா?" என்று கேட்டாள். என்ன சொல்வது?

திரும்பிப்போக மனசு வரவில்லை. டிக்கெட் கவுன்டரில் மேல் அடுக்கில் நாலு டிக்கெட் வாங்கினோம், ஒன்று 36 டாலர். உட்காரும்போது ஆட்டத்தின் ஒன்பது சுற்றுகளில் (இன்னிங்ஸ்) இரண்டாவது முடிந்திருந்தது. தலைக்கு மேல் நிழலே இல்லை. ஐந்தாவது இன்னிங்ஸில் மகன் அழ ஆரம்பித்தான். பந்து எறிய நேர வரம்பு வைத்த 2023க்குப் பிறகு ஆட்டம் சராசரியாக இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது என்றாலும், இருபது மாதக் குழந்தைக்கு அது ஒரு யுகம். அம்மா மட்டும் சாதத்தைப் பிசைந்து ஊட்டியபடி, "இவன் எப்போதான் அடிப்பான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஏழாவதில் கிளம்பிவிட்டோம். தளங்களைச் சுற்றி ஓடுவது நடக்கவில்லை. வண்டியில் மகள் பேசவே இல்லை.

பணம் அனுப்பும் நிறுவனத்தில் முறையிட்டேன். பொருள் வாங்கும் வகையில் அனுப்பியிருந்தால் பாதுகாப்பு உண்டு, நண்பர்களுக்கு அனுப்பியதற்குக் கிடையாது என்று பதில் வந்தது. விற்றவர் அதற்குள் என்னை பிளாக் செய்துவிட்டார்.

அதனால், யாராக இருந்தாலும் டிக்கெட்டை அணியின் செயலி வழியாக உங்கள் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அது உங்கள் போனில் வந்து சேர்ந்த பிறகு பணம் கொடுங்கள். மாற்றித் தராமலிருக்க ஆயிரம் காரணம் சொல்கிறார் என்றால் அவரிடம் டிக்கெட் இல்லை. மேல் அடுக்கானாலும் பரவாயில்லை, அணியிடமே வாங்கிவிடுங்கள்.

நேற்று இரவு அதே குழுவில் அதே படம், அதே வரிசை எண். பெயர் மட்டும் வேறு. அடுத்த ஞாயிறு ஆட்டத்துக்காம். குழந்தைகளோடு போக அருமையான இடமாம்.